செல்லாயி போட்ட பால் டெண்டர்

சிலிம் ரிவருக்குப் பக்கத்தில் மூங்கிலாத்துத் தோட்டம் என்று ஒன்று இருந்தது. வெள்ளைக்காரக் கம்பெனி அதைத் துண்டு போட்டு விற்றுவிட்டுக் கப்பலேறியபோது ரப்பர் மரங்களை வாங்க ஆள் கிடைத்தது. அந்த மரங்களைச் சீவிய ஜனங்களை என்ன செய்வதென்றுதான் ஒருவருக்கும் தெரியவில்லை. செல்லாயிக்கு அப்போது இருபத்தெட்டு வயது. புருஷன் ஐயாவுவையும், குடியிருந்த லயத்துக்குப் பின்னால் கட்டியிருந்த இரண்டு பசுக்களையும் கூட்டிக்கொண்டு ஈப்போவுக்குப் புறப்பட்டாள். தட்டுமுட்டுச் சாமான்களை ஏற்றிய லாரிக்காரன் மாட்டை ஏற்ற மாட்டேன் என்றான். "அப்ப நாங்களும் ஏறல. நீ சாமானோட போ, நாங்க வாரோம்" என்று சொல்லிவிட்டு நாலு நாள் சாலையோரமாகவே நடந்து வந்தாள். ஐயாவு பின்னாளில் இதை எல்லாரிடமும் ஒரு புகாராகத்தான் சொல்வார், ஆனால் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும்.

புந்தோங்குக்கு அப்பால், ஈயம் தோண்டிக் கைவிட்ட ஒரு குட்டையின் கரையில் கொட்டகை போட்டார்கள். குட்டைக்கரைப் புல்லைக் கேட்க ஆளில்லை. இரண்டு மாடு ஏழு மாடானது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தொன்பதில், இந்தக் கதை நடக்கும்போது, அந்தக் கரையில் மட்டும் ஒன்பது மாட்டுக்கார வீடுகள் இருந்தன. ஒன்பதும் ஏதாவது ஒரு தோட்டத்திலிருந்து பிய்த்தெறியப்பட்டு வந்தவைதான்.

இந்த ஒன்பது வீட்டுப் பாலும் சீனி என்ற ஒரே ஆளின் வேனில்தான் ஏறும். சீனிக்கு மாடு கிடையாது. மடிப்புக் கலையாத சட்டையும், மேல்பையில் இரண்டு பேனாவும், மலாயில் தடங்கலில்லாமல் பேசும் நாக்கும் உண்டு. ஊருக்கு வெளியே இருந்த ஓர் அரசாங்க ஆஸ்பத்திரிக்குத் தினம் எண்பது போத்தல் பால் கொடுக்கும் குத்தகை பதினோரு வருஷமாக அவன் பெயரில் இருந்தது. மிச்சப் பாலைச் சாப்பாட்டுக் கடைகளுக்கு ஊற்றுவான். வேனில் ஏறும்போது அது பாலாக இருந்தது. இறங்கும்போது எப்படி இருந்தது என்பது சீனிக்கும் தண்ணீர்க் குழாய்க்கும் மட்டும் தெரிந்த விஷயம். மாட்டுக்காரர்களுக்கு அவன் கொடுத்த விலை, ஆஸ்பத்திரி அவனுக்குக் கொடுத்ததில் பாதிகூட இல்லை என்று பேச்சு இருந்தது. பேச்சுத்தான். ஆஸ்பத்திரி என்ன கொடுத்தது என்பது யாருக்கும் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ளலாம் என்ற எண்ணமே யாருக்கும் வந்ததில்லை.

செல்லாயிக்கு அரசாங்கத்தோடு இருந்த உறவெல்லாம் அடையாளக் கார்டோடு சரி. அது பெரிய இடம், அதன் வாசலில் சீனி மாதிரி ஆட்கள் நிற்பார்கள், நம்மைப் போன்றவர்கள் சீனியின் வாசலில் நிற்க வேண்டும். உலகம் அப்படித்தான் அடுக்கப்பட்டிருக்கிறது என்று நினைத்திருந்தாள்.

அந்த அடுக்கைக் கலைத்தது ஒரு பெட்டி. கொட்டகைப் பக்கத்து வீட்டுப் பாப்பாவுக்குக் காய்ச்சல் என்று மருந்து வாங்கிக் கொடுக்க ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தாள் செல்லாயி. மருந்துச் சன்னலுக்குப் பக்கத்தில், ஜனங்கள் வரிசை நிற்கும் தாழ்வாரத்தில், பச்சைப் பெயிண்ட் அடித்த மரப்பெட்டி ஒன்று சுவரில் அறைந்திருந்தது. மேலே ஒரு கீறல் வாய், முன்னால் இரண்டு பூட்டு. ஒரு பெட்டிக்கு எதற்கு இரண்டு பூட்டு என்று வரிசையில் நின்றபடி யோசித்தாள். ஸ்டோரில் கணக்கெழுதும் கிராணி சவரிநாதன் அந்தப் பக்கம் வந்தார். முப்பத்தைந்து வயசு மனிதர், தெலுக் அன்சன்காரர், தமிழ் பேசுகிறவர்களைக் கண்டால் நின்று பேசுவார். அவரிடமே கேட்டாள்.

"டெண்டர் பெட்டி அக்கா. முன்னாடியெல்லாம் ஸ்டோர் ரூம் மேசை டிராயர்ல போட்டு வெப்பாங்க. இப்ப புவான் ஹலிமான்னு ஒரு மலாய்க்கார அம்மா புது செக்ரட்டரியா வந்திருக்காங்க. இனிமே எல்லாம் வெளிய, எல்லாரும் பாக்குற எடத்துலன்னுட்டாங்க. ஒரு சாவி அவங்க கையில, ஒரு சாவி டாக்டர் கையில. ரெண்டு பேரும் சேர்ந்தாத்தான் தொறக்கும்."

"என்ன டெண்டர் தம்பி?"

"இப்ப பால் டெண்டர்தான். போர்டுல ஒட்டியிருக்கே."

"அதை சீனி அண்ணன்தானே போடணும்?"

சவரிநாதன் சிரிக்கவில்லை. "மாடு வெச்சிருக்கிற யாரும் போடலாம்கா" என்றார்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்த ஒரு வாக்கியத்தைச் செல்லாயி வாயில் போட்டு மென்றுகொண்டே வந்தாள். ஐயாவுவிடம் சொன்னபோது அவர் எழுந்து வெளியே எட்டிப் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறந்தார்.

"உனக்குப் பைத்தியம் லா. சீனி காதுக்குப் போனா நாளைக்கே பாலை எடுக்க மாட்டான். ஏழு மாட்டுப் பாலை நீயும் நானுமா குடிக்கிறது?"

"போடலாம்னு கிராணியே சொல்றாரு."

"சொல்லுவாரு. மாட்டுக்குத் தீனி அவரா போடுறாரு?"

ஐயாவு பயந்தாங்கொள்ளிதான், ஆனால் சொன்னதில் தப்பில்லை. சீனி கைவிட்டால் மாடுகளை விற்பதைத் தவிர வேறு வழி இல்லை. வயசான கறவை மாட்டை விற்றால் அது எங்கே போகும் என்பது குட்டைக்கரையில் எல்லாருக்கும் தெரியும், யாரும் வாயால் சொல்ல மாட்டார்கள். செல்லாயி இரண்டு நாள் யோசித்தாள். மூன்றாம் நாள் கிளம்பிவிட்டாள்.

நில அலுவலகத்துக்கு எதிரே கடைகளின் அஞ்சடி நடைபாதையில் பாஸ்கல் என்ற பெரியவர் தட்டெழுத்து இயந்திரத்தோடு உட்கார்ந்திருப்பார். மனு, விண்ணப்பம், பிறப்புப் பத்திரத்தில் பெயர் திருத்தம் என்று ஊர்க் கஷ்டமெல்லாம் அவர் விரல் வழியாகத்தான் அரசாங்கத்துக்குப் போகும். பால் டெண்டர் தட்டியது அவருக்கும் அதுவே முதல் தடவை. விலை எவ்வளவு போடட்டும் என்று கேட்டார். தன் செலவையும் உழைப்பையும் கூட்டிப் பார்த்து, கூசாமல் சொல்லக்கூடிய ஒரு விலையைச் செல்லாயி சொன்னாள். எண்பது போத்தலுக்குத் தன் ஏழு மாடு போதாது, பாதிதான் தர முடியும் என்பதையும் அப்படியே தட்டச் சொன்னாள். அவர் கவரை ஒட்டிக் கையில் கொடுத்துவிட்டு இரண்டு தடவை எச்சரித்தார்.

"கவர் மேல டெண்டர் நம்பர் மட்டும்தான். பேர் கூடாது, முத்திரை சாப்பு கூடாது, எந்த அடையாளமும் கூடாது. யாரு போட்டதுன்னு தெறக்குறவங்களுக்குத் தெரியக் கூடாது. புரியுதா?"

"புரியுதுண்ணே."

புரிந்துதான் இருந்தது. கவரைக் கொண்டுபோய்ச் சாமி படத்தடியில் வைத்தாள். மறுநாள் காலையில் எடுக்கும்போது அதன் நாலு மூலையிலும் மஞ்சள் தடவியிருந்தது. இரண்டு நாளாக முகம் கொடுத்துப் பேசாத ஐயாவு, பல் துலக்கிக்கொண்டே வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். கல்யாணக் கடிதமோ, காதுகுத்துப் பத்திரிகையோ, நல்ல காரியத்துக்காக வீட்டை விட்டுப் போகும் எந்தக் காகிதத்தையும் மஞ்சள் தடவாமல் அனுப்பியதில்லை. மொட்டையாக அனுப்பினால் அது சாவுச் செய்தி. பெயர் என்றால் அடையாளம், சாப்பு என்றால் அடையாளம். மஞ்சளை அடையாளம் என்று நினைக்க அந்த வீட்டில் இரண்டு பேருக்குமே தோன்றவில்லை. அதைப் பார்த்துக்கொண்டேதான், செல்லாயி மனம் நிறைந்து பெட்டியின் வாயில் போட்டாள்.

திறக்கிற நாள் ஒரு வியாழக்கிழமை, பகல் பன்னிரண்டு மணி. கவர் போட்டவர்கள் வந்து நின்று பார்க்கலாம் என்று போர்டில் எழுதியிருந்தது. இப்படி ஒன்றை அந்த ஊர் கண்டதில்லை. தாழ்வாரத்திலேயே மேசை போட்டார்கள். புவான் ஹலிமா நடுவில், ஒரு பக்கம் சீன டாக்டர் லிம், மறுபக்கம் தலைமைத் தாதி. சவரிநாதன் எழுதுவதற்குத் தயாராக நின்றார். சீனியும் அவன் மச்சினனும் முன்னால் நின்றார்கள். செல்லாயியும் ஐயாவுவும் தூணோரமாக.

டாக்டர் ஒரு பூட்டைத் திறந்தார், புவான் மற்றதைத் திறந்தார். மூன்று கவர். இரண்டு வெள்ளை வெளேரென்று இருந்தன. மூன்றாவது மேசையில் விழுந்ததும் சீனி முன்னால் வந்தான். மரியாதையாக, நல்ல மலாயில், செல்லாயிக்கும் புரிகிற மலாயில் பேசினான். கவர் மேல் அடையாளம் கூடாது என்பது விதி. இதில் நாலு மூலையிலும் அடையாளம் இருக்கிறது. இது யார் வீட்டுக் கவர் என்று இங்கே நிற்கிற எல்லாருக்கும் தெரியும். ஆகையால் இது செல்லாது.

பாஸ்கல் சொன்னது செல்லாயிக்கு அப்போதுதான் முழுசாகப் புரிந்தது.

புவான் ஹலிமா கவரை எடுத்து மூக்கருகே கொண்டுபோனார். "குஞித்?" என்று சவரிநாதனைக் கேட்டார். மஞ்சள்தான் புவான் என்று அவர் விளக்கத் தொடங்குவதற்குள் ஐயாவு தூணை விட்டு வெளியே வந்துவிட்டார். கை கூப்பியபடி, "நான்தான் தடவுனேன் புவான். அவளுக்குத் தெரியாது" என்றார்.

"எனக்குத் தெரியும்" என்றாள் செல்லாயி. "பாத்துட்டுத்தான் போட்டேன்."

யாராவது சிரிப்பார்கள், இல்லாவிட்டால் கவரைக் கீழே எறிந்துவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பார்கள் என்று எதிர்பார்த்தாள். அவர்கள் பேச ஆரம்பித்தார்கள். மஞ்சள் ஒரு வழக்கம்தானே, ஆள் பெயரைச் சொல்லவில்லையே என்றார் டாக்டர். வழக்கம் உள்ளவர்கள் மூன்று பேர் இருக்கும்போது ஒருவர் மட்டும் செய்தால் அது ஆளைக் காட்டிக் கொடுக்காதா என்று கேட்டார் தாதி. இன்றைக்கு மஞ்சளை விட்டால் நாளைக்குத் தங்கக் கோடு போட்ட கவரை வழக்கம் என்று நீட்டுவார்களே என்றார் புவான். விதித்தாளை எடுத்து வாசித்தார்கள். திரும்பவும் வாசித்தார்கள். சவரிநாதன் ஒவ்வொன்றையும் தமிழில் தணிந்த குரலில் செல்லாயிக்குச் சொல்லிக்கொண்டே வந்தார், அதைத் தடுக்கவும் யாருமில்லை.

பதினைந்து நிமிடம். படித்த மனிதர்கள் மூன்று பேர், வெளியே நோயாளிகள் காத்திருக்க, ஒரு மாட்டுக்காரியின் கவரில் இருந்த மஞ்சளைப் பற்றி அவள் முகத்துக்கு நேரே வாதாடினார்கள். செல்லாயிக்கு மெய் சிலிர்த்தது. மூங்கிலாத்தில் அவள் அப்பனை வேலையை விட்டு நிறுத்த, ஆள் மேய்க்கும் மண்டோருக்கு அரை நிமிடம் போதுமானதாக இருந்தது. காரணம் கேட்டதற்கு ஒரு அறைதான் பதில். இங்கே ஒரு விரல் மஞ்சளுக்குக் காரணம் தேடுகிறார்கள். அரசாங்கம் என்பது இப்படியும் இருக்குமா என்று அவள் வாய் பிளந்து நின்றாள்.

கடைசியில் புவான் ஹலிமா எழுந்து நின்று சொன்னார். அடையாளம் என்றால் அடையாளம்தான். கவர் செல்லாது. பிரிக்காமல் திருப்பித் தரப்படும். "செமுவா சாமா" என்றார், எல்லாருக்கும் ஒன்றுதான் என்று.

சீனி தலையைக் குனிந்து நன்றி சொன்னான். அவன் நிமிர்வதற்குள் புவான் விதித்தாளின் அடுத்த வரிக்குப் போயிருந்தார். செல்லுபடியாகும் கவர் மூன்றுக்குக் குறைந்தால் மொத்தமும் ரத்து, மறுபடி புதிதாக அழைக்க வேண்டும். மேசையில் இருந்தது இரண்டு. ஒன்று சீனியுடையது, மற்றது அவன் மச்சினன் பெயரில் அவனே போட்டது. செல்லாயியின் கவரை ஒழுங்காக விட்டிருந்தால் அன்றைக்கே எல்லாம் முடிந்திருக்கும், அவன் போட்டிருந்த விலைக்கு அவன்தான் ஜெயித்தும் இருப்பான். வேலை மெனக்கெட்டு வாயைத் திறந்து தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டான். மச்சினன் அவனைப் பார்த்த பார்வையைச் சொல்லி ஐயாவு ஒரு வாரம் சிரித்தார்.

அந்தச் சிரிப்பு ஒரு வாரத்துக்குமேல் நிலைக்கவில்லை. மறுநாள் காலையிலிருந்தே சீனியின் வேன் செல்லாயி கொட்டகை முன்னால் நிற்காமல் போனது. சாப்பாட்டுக் கடைகளுக்கும் சொல்லி வைத்துவிட்டான். சைக்கிளில் வீடு வீடாகப் போய் ஊற்றியதில் கால்வாசி போனது. மிச்சம் தயிரானது, மோரானது, கோயிலுக்குப் போனது, கடைசியில் கன்றுகளுக்கே திரும்பிப் போனது.

இரண்டு வாரத்தில் புது அறிவிப்பு வந்தது. இந்தத் தடவை மலாய், சீனம், தமிழ் மூன்றிலும். எண்பது போத்தலை இரண்டு நாற்பதாகப் பிரித்திருந்தார்கள், சின்ன ஆட்களும் போடட்டும் என்று. விதிகளில் ஒரு வரி புதிதாக ஏறியிருந்தது. சவரிநாதன் அதைச் செல்லாயிக்கு வாசித்துக் காட்டினார். "உறையின் மேல் பெயர், முத்திரை, மஞ்சள், குங்குமம், சந்தனம் அல்லது வேறு எந்த அடையாளமும் இருத்தல் கூடாது."

"இன்னொரு தடவை படிங்க தம்பி."

படித்தார்.

"நம்ம மஞ்சளை அரசாங்கம் எழுதி வெச்சிருக்கு" என்றாள் செல்லாயி. நாலு பேர் செய்த தப்புக்கு ஊரை உதைப்பதைத்தான் அவள் பார்த்திருக்கிறாள். ஒருத்தி செய்த தப்பு இன்னொருத்திக்கு வரக் கூடாதென்று அச்சடித்து ஒட்டுவதை இப்போதுதான் பார்க்கிறாள். வீட்டில் சொன்னபோது ஐயாவு பெருமூச்சு விட்டார். "தடவுனது நான், பேரு மட்டும் நம்ம மஞ்சளா?" என்றார்.

இந்த முறை அவர் கவர்ப் பக்கமே போகவில்லை. பெட்டியைத் திறந்தபோது நாலு கவர் இருந்தன. கம்பாரிலிருந்து ஒரு சீன முதலாளித் தவுக்கேயும் போட்டிருந்தார். விலைகளை ஒவ்வொன்றாக உரக்க வாசித்தார்கள். பதினோரு வருஷமாக மூடிக் கிடந்தது காற்றில் கேட்டது. மற்றவர்கள் விலையெல்லாம் ஒன்றுக்கொன்று பக்கத்தில் இருக்க, சீனியுடையது மட்டும் தரையில் கிடந்தது. இரண்டு நாற்பதையும் கேட்டிருந்தான். சொந்த மாடு எத்தனை என்ற இடத்தில் நாற்பத்திரண்டு என்று எழுதியிருந்தான்.

புவான் ஹலிமா நாற்பத்திரண்டைப் பார்த்துவிட்டுப் பேனாவை மூடினார். "நேரில் வந்து பார்த்த பிறகு முடிவு" என்றார்.

நேரில் வர மூன்று வாரம் ஆனது. டாக்டர் ஒரு பயிற்சிக்குப் போயிருந்தார், வண்டி ஒர்க் ஷாப்பில் கிடந்தது, மேலிடத்தில் ஒரு கையெழுத்து நின்றது. ஒவ்வொன்றுக்கும் நியாயமான காரணம் இருந்தது. மாட்டுக்குத்தான் காரணம் சொல்லிப் புரிய வைக்க முடியாது. பிண்ணாக்கு நின்றது, தவிடு நின்றது. புல்லை மட்டும் தின்று மடி சுருங்கியது. இருபதாம் நாள் கமுந்திங் பக்கத்திலிருந்து மாட்டு வியாபாரி ஒருவன் வந்தான். வளர்க்கத்தான் வாங்குகிறேன் என்று கேட்காமலே சொன்னான். வெள்ளச்சியையும் செவலையையும் ஐயாவு அவிழ்த்தார். ஐந்துக்குத் தீனி போட இரண்டு போக வேண்டியிருந்தது. செல்லாயி குட்டைப் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள். வெள்ளச்சி லாரிப் பலகையில் கால் வைக்க மாட்டேன் என்று முரண்டு பிடித்த சத்தம் மட்டும் கேட்டது.

மறுநாள் காலை பத்து மணிக்கு அரசாங்க வண்டி வந்தது.

புவான் ஹலிமா பாஜு குரோங் பாவாடையை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு சாணிச் சேற்றில் இறங்கினார். டாக்டர் லிம்மும் சவரிநாதனும் பின்னால். குட்டைக்கரைக்கு ஓர் அதிகாரி வருவது என்றால் அதுவரை கொட்டகையைப் பிரிக்கச் சொல்லத்தான். எல்லாரும் வேலையை விட்டுவிட்டு வெளியே வந்து நின்றார்கள். சீனி வேனில் முன்னால் வந்து, கரையில் முதலாவதாக இருந்த பத்துமலையின் கொட்டகைக்குக் கூட்டிப்போனான்.

"இங்க ஆறு மாடு புவான். எல்லாம் நம்ம மாடு. இவங்க பாத்துக்கிறாங்க" என்றான்.

பத்துமலை அறுபது வயசு ஆள், பேச்சுக் குறைவு. சீனியின் வேன் நின்றால் அவர் அடுப்பும் நின்றுவிடும். புவான் சீனியை விட்டுவிட்டு அவரைப் பார்த்துக் கேட்டார், சவரிநாதன் தமிழில் சொன்னார். "ஐயா, இந்த மாடு யாரோடதுன்னு புவான் கேக்குறாங்க. நீங்க என்ன சொல்றீங்களோ அதையே எழுதச் சொல்றாங்க."

சீனி செருமினான். கூடி நின்றவர்களோடு செல்லாயியும் பார்த்துக்கொண்டிருந்தாள். வாழ்நாளில் பத்துமலையை யாரும் அந்தக் கேள்வி கேட்டதில்லை. தோட்டத்தில் மரம் கம்பெனியுடையது, லயம் கம்பெனியுடையது, அவர் சீவிய பால் கம்பெனியுடையது. இங்கே வந்த பிறகு வாங்கிக் கட்டிய மாட்டையும் ஆஸ்பத்திரிக் காகிதத்தில் சீனியின் மாடாக எழுதியிருக்கிறார்கள். அவர் சீனியைப் பார்த்தார், மாட்டைப் பார்த்தார், அதன் முதுகில் கை வைத்தார்.

"பொய் சொன்னா நாளைக்கு இது என் கையில பால் விடாது லா" என்றார். "என் மாடுதான். ஆறும் என்னோடது."

சவரிநாதன் எழுதினார். பத்துமலை பெருவிரலை வைத்தார். அடுத்த கொட்டகை மாரியம்மா கேள்வி முடியும் வரைகூடக் காத்திருக்கவில்லை. "எழுதிக்குங்க தம்பி, நாலும் எம்மாடு" என்றாள். பிறகு அடுத்தவர். அதற்கடுத்தவர். பயந்தபடியே சொன்னார்கள், குரல் நடுங்கச் சொன்னார்கள், ஆனால் சொன்னார்கள். எட்டு வீட்டு வாசலிலும் அந்தச் சொல் கேட்டது. செல்லாயிக்குக் கண்ணில் நீர் நிறைந்துவிட்டது. பெரிய ஆயுதமெல்லாம் ஒன்றும் வரவில்லை. ஓர் அம்மாள் வந்து ஒரு கேள்வி கேட்டாள், பதினோரு வருஷத்துப் பொய் ஒரு மணி நேரத்தில் உதிர்ந்துவிட்டது. ஐந்தாவது வீட்டுக்குப் போகும்போதே சீனியின் வேனைக் காணோம்.

கடைசியாகச் செல்லாயியின் கொட்டகை. புவான் காகிதத்தைப் பார்த்தார், மாடுகளை எண்ணினார், மறுபடி எண்ணினார்.

"ஏழுன்னு எழுதியிருக்கு. ஐஞ்சுதான் இருக்கு" என்றார் சவரிநாதன், அவர் குரலே மாறிப்போய்.

இதே கரையில் சற்று முன்னால்தான் ஒருவன் மாட்டுக் கணக்கில் பொய் சொல்லி விழுந்திருக்கிறான். இரண்டும் மேயப் போயிருக்கிறது என்று சொல்ல ஐயாவு வாயெடுப்பதைச் செல்லாயி பார்த்தாள். அவர் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"எழுதுனப்ப ஏழு புவான். ரெண்டை நேத்து வித்துட்டேன்."

"நேற்றா? ஒரு நாள் பொறுத்திருக்கக் கூடாதா?" புவான் ஹலிமா நிஜமாகவே அதிர்ந்து போய்த்தான் கேட்டார்.

"நான் பொறுப்பேன். மாட்டுக்கு நேத்தே பசிச்சிருச்சு."

சவரிநாதன் அதை மலாயில் சொல்லத் தயங்கினார். சொல்லும் என்று புவான் கையைக் காட்டினார். சொன்னார். டாக்டர் லிம் குட்டையைப் பார்த்தார். புவான் ஹலிமா தன் நோட்டுப் புத்தகத்தை எடுத்து ஏதோ எழுதிக்கொண்டார்.

சீனியின் கவர் தள்ளுபடியானது. மச்சினன் எழுதியிருந்த மாடுகளும் இதே கரையில் நின்றவைதான் என்பதால் அவனுடையதும் போனது. ஒரு நாற்பது கம்பார் தவுக்கேக்கு. இன்னொரு நாற்பதில் செல்லாயிக்கு முப்பது. ஐந்து மாடு அவ்வளவுதான் தாங்கும் என்று டாக்டரே கணக்குப் பண்ணிச் சொன்னார். மிச்சப் பத்துக்குத் தனியாக அழைப்பார்கள் என்று தெரிந்ததும், பத்துமலை முதல் தடவையாக ஒரு கேள்வி கேட்டார். பாஸ்கல் எந்தக் கடைக்கு முன்னால் உட்காருவார் என்று.

முதல் நாள் பால் கொண்டுபோனபோது ஆஸ்பத்திரி ஸ்டோரில் பாலைக் குவளையில் ஊற்றி, பால்மானியை மிதக்கவிட்டுப் பார்த்தார்கள். சரியாக நின்றது. பதிவேட்டில் கொண்டுவந்தவர் பெயர் என்ற இடத்தில் செல்லாயி என்று எழுதினார்கள். காசநோய் வார்டில் ஒரு கிழவர் குவளையை வாயில் வைத்துவிட்டு, எடுத்து, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டு மறுபடி குடித்தார். சன்னல் வழியாக அதைப் பார்த்தபடி நின்றவளைச் சவரிநாதன் கூப்பிட்டார். கையில் புதிதாகத் தட்டச்சு செய்த ஒரு தாள் இருந்தது.

"விதியில ஒண்ணு கூட்டியிருக்காங்கக்கா. இனிமே பெட்டியைத் தொறந்தா ஏழு நாளுக்குள்ள முடிவு சொல்லணும். வண்டி இல்ல, கையெழுத்து இல்லன்னு சொல்ல முடியாது. பன்னிரண்டாவது வரி."

"எது? காட்டுங்க."

காட்டினார். செல்லாயிக்கு எழுத்துத் தெரியாது. வரியின் ஒரு முனையில் விரலை வைத்து மறுமுனை வரை கொண்டுபோனாள். ஒரு சாண்கூட இல்லை. பெரிய அரசாங்கம் தன் தப்பைத் தானே எழுதி வைத்திருக்கிறது, ஒரு மாட்டுக்காரி சொன்ன சொல்லுக்காக. இனி எவள் மாடும் காகிதத்துக்காகக் காத்துக் கிடந்து பசிக்காது. அதை நினைக்க நினைக்க மலைப்பாக இருந்தது. நெஞ்சும் வலித்தது.

"ரெண்டு மாடு தம்பி" என்றாள். "ரெண்டு மாட்டைக் குடுத்து ஒரு வரி வாங்கியிருக்கேன்."

சவரிநாதன் தாளைக் கொண்டுபோய்ப் போர்டில் குத்தினார். மருந்துக்கு நின்றவர்களில் ஒருவர் வரிசையை விட்டு வந்து அதைப் படிக்க ஆரம்பித்தார்.